ஓர் அங்குலத்தில் ஆறடி: போர்விமான மாதிரிகளும் ‘அடையாளம்’ என்ற சொல்லும்

1939 செப்டம்பர் 6. பிரிட்டன் ஜெர்மனிமீது போர் அறிவித்து மூன்று நாள்களே ஆகியிருந்தன. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையை நோக்கிப் பகைவிமானங்கள் வருவதாக அதிகாலையில் ஒரு தவறான எச்சரிக்கை எழுந்தது. நார்த் வீல்ட் தளத்திலிருந்து 56ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன் விமானங்கள் மேலெழுந்தன. ஹார்ன்சர்ச் தளத்திலிருந்து கிளம்பிய 74ஆம் படைப்பிரிவின் ஸ்பிட்ஃபயர்கள் அவற்றையே பகைவர் என எண்ணிச் சுட்டன. இரண்டு ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. மாண்டேகு ஹல்டன்-ஹாரப் என்ற இளம் விமானி உயிரிழந்தார். அன்று அந்த வானில் ஜெர்மானிய விமானம் ஒன்றுகூட இல்லை. ‘பார்க்கிங் க்ரீக் சண்டை’ என்று பின்னர் கசப்பான ஏளனத்தோடு பெயரிடப்பட்ட இந்நிகழ்வில், ஸ்பிட்ஃபயர் தன் வரலாற்றிலேயே முதன்முதலாகச் சுட்டு வீழ்த்தியவை தன் நாட்டு விமானங்களே.

பிளாஸ்டிக் விமான மாதிரிகளின் வரலாறு வழக்கமாகப் பொம்மைத் தொழிலின் வரலாறாகவோ, ஓய்வுநேரப் பொழுதுபோக்கின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. அந்த வரலாற்றுக்குள் இந்தச் செப்டம்பர் காலைக்கும் இடம் உண்டு. நண்பனையும் பகைவனையும் சில நொடிகளில் பிரித்தறிய வேண்டிய நெருக்கடியே, உள்ளங்கைக்குள் அடங்கும் விமான உருவத்தைப் பள்ளிக்கும் படைமுகாமுக்கும் கண்காணிப்பு நிலையத்துக்கும் கொண்டுசென்றது. போர் முடிந்தபின் அதே உருவம் கடைத்தெருவுக்கு வந்தது. யாரை அடையாளம் காண்பது, யாரைக் காணாமல் விடுவது என்ற தேர்வுகளும் அதனுடன் சேர்ந்தே வந்தன.

தமிழில் ‘அடையாளம்’ என்ற சொல் குறைந்தது மூன்று வேலைகளைச் செய்கிறது. ‘தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள்’ என்னும்போது அது அறிதல். ‘மரத்தில் அடையாளம் இட்டான்’ என்னும்போது அது குறி. ‘ஓர் இனத்தின் அடையாளம்’ என்னும்போது அது ஒருவர் தம்மை யாரென்று கொள்கிறார் என்பது. ஆங்கிலம் இம்மூன்றுக்கும் தனித்தனிச் சொற்களைப் புழங்குகிறது. ‘மாதிரி’ என்ற சொல்லும் இத்தகையதே. அது பெயராக நின்று சிற்றுருவைக் குறிக்கும். ‘அவனை மாதிரி’ என உவம உருபின் இடத்திலும் நிற்கும். போர்விமான மாதிரியின் வரலாறு ‘அடையாளம்’ என்ற சொல்லின் மூன்று பொருள்களையும் வரிசையாகக் கடந்துவருகிறது: முதலில் அறிதல், அடுத்துக் குறி, இறுதியில் யாருடைய வரலாறு என்ற கேள்வி.

கண்ணைப் பழக்குதல்

பிரிட்டனின் ரேடார் நிலையங்கள் கடலைப் பார்த்தபடி நின்றன. கரையைத் தாண்டி உள்நாட்டுக்குள் நுழைந்த விமானங்களைப் பின்தொடரும் பொறுப்பு, கண்காணிப்புப் படையைச் சேர்ந்த தன்னார்வலர்களின் கண்களிலும் காதுகளிலும் இருந்தது. அவர்களுக்கும் விமானிகளுக்கும் பீரங்கிப் படையினருக்கும் விமானங்களை அவற்றின் நிழலுருவிலிருந்தே பிரித்தறியக் கற்றுத்தர வேண்டியிருந்தது. நிழலுருப் படங்களும் கேள்வி-பதில் போட்டிகளும் நிறைந்த ‘தி ஏரோப்ளேன் ஸ்பாட்டர்’ இதழ் 1941இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு உருவான விமானப் பயிற்சிப் படை, பதின்பருவச் சிறுவர்களுக்கும் இக்கல்வியை அளித்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இம்முயற்சி பன்மடங்கு பெரிதாயிற்று. 1942இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களைக் கேட்டது: ஐம்பது வகைகள், வகைக்குப் பத்தாயிரம். கல்வித் துறை வழியாக வரைபடங்கள் பள்ளிகளுக்குச் சென்றன. மாணவர்கள் மென்மரத்தில் செதுக்கி, இழைத்து, கறுப்பு வண்ணம் பூசிக் கொடுத்தனர். கறுப்பு வண்ணத்துக்குக் காரணம் உண்டு. தொலைவில், வானின் ஒளிக்கு எதிரே, விமானம் நிறமாகத் தெரிவதில்லை. வெறும் வடிவமாகவே தெரிகிறது. எனவே பயிற்சிக்குரிய மாதிரியில் நிறம் என்ற செய்தி வேண்டுமென்றே அழிக்கப்பட்டது.

அளவுவிகிதம் எழுபத்திரண்டில் ஒன்று. இந்த எண்ணின் பயன் எளிய கணக்கில் விளங்கும். வகுப்பறையின் மறுகோடியில், 35 அடி தொலைவில் தொங்கும் மாதிரி, 2,520 அடிக்கு அப்பால் பறக்கும் உண்மை விமானத்தின் அளவில் கண்ணுக்குத் தெரியும். அதாவது அரை மைலுக்குச் சற்றுக் குறைவு. மாதிரியை நூலில் கட்டிச் சுழற்றினால், அரை மைலுக்கு அப்பால் ஒரு விமானம் திரும்பும் காட்சி அறைக்குள்ளேயே நிகழும். பின்னர் சிகாகோவின் க்ரூவர் நிறுவனம் போன்றவை இதே அளவில் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் மாதிரிகளை வார்த்துக் குவித்தன. மாணவர் கையால் செதுக்கியதன் இடத்தை அச்சு எடுத்துக்கொண்டது. பிளாஸ்டிக் போர்விமானம் பெருந்தொகையாகப் பிறந்தது பாடக்கருவியாகத்தான்.

இந்தப் பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்பதிலும் ஒரு விவாதம் நடந்தது. மொழியியல் மாணவருக்கு அது மிகவும் பழக்கமான விவாதமாகத் தோன்றும். ஒரு முறை, விமானத்தைக் கூறுகளாகப் பிரித்தது: இறக்கை, எஞ்சின், உடற்பகுதி, வால் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிவுக்கு வருவது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் சாமுவேல் ரென்ஷா இதை மறுத்தார். விமானத்தின் படத்தை ஒரு விநாடியின் மிகச் சிறு பகுதி நேரத்துக்கு மட்டும் திரையில் மின்னவிட்டு, முழு உருவையும் ஒரே பார்வையில் பற்றிக்கொள்ளக் கற்பிப்பது அவர் முறை. கைதேர்ந்த வாசகர் எழுத்துக் கூட்டிப் படிக்காமல் சொல்லைச் சொல்லாகவே காண்பதைப் போன்றது இது. அமெரிக்கக் கடற்படை ரென்ஷாவின் முறையை ஏற்றது. கூறா, முழுமையா என்ற கேள்வி அங்கே கல்விக்கழக வாதமாக நிற்கவில்லை. தவறான விடைக்கு ஒரு விமானி உயிரிழக்க நேர்ந்தது.

அறிவதற்கு முன் பெயர் வேண்டும். ஜப்பானிய விமானங்களின் பெயர்முறை நேசநாட்டுப் படையினரைக் குழப்பியது. ‘ஜீரோ’ என்ற புகழ்பெற்ற பெயரே ஜப்பானிய அரச ஆண்டுக்கணக்கில் 2600ஆம் ஆண்டின் கடைசி இலக்கத்திலிருந்து வந்தது. 1942இல் ஆஸ்திரேலியாவில் இயங்கிய உளவுப் பிரிவில் ஃப்ராங்க் மெக்காய் என்ற அமெரிக்க அதிகாரி எளிய ஆட்பெயர்களை இடத் தொடங்கினார். போர்விமானங்களுக்கு ஆண்பெயர், குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெண்பெயர். ஜீரோ ‘ஜீக்’ ஆயிற்று. மிட்சுபிஷியின் இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ‘பெட்டி’ ஆயிற்று. இலக்கண நூலில் பால்பகுப்பு செய்வதுபோல, வானத்தில் பறப்பவற்றுக்கும் பால் வகுக்கப்பட்டது. அப்படியும் குழப்பம் தீரவில்லை. பர்மாப் போர்முனையில் ஜப்பானியத் தரைப்படையின் ‘ஆஸ்கர்’ விமானத்தைக் கண்ட பலர் அதை ‘ஜீரோ’ என்றே அறிக்கையில் எழுதினர். புகழ்பெற்ற பெயர் கண்ணை முந்திக்கொண்டது.

ஆறடிக்கு ஓர் அங்குலம்

எழுபத்திரண்டில் ஒன்று என்ற விகிதம் போருக்கு முன்பே பொம்மை உலகில் இருந்தது. 1932இல் லண்டனில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் வடிவமைத்த ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்ற மர, உலோகத் தொகுப்புகள் இதைப் பின்பற்றின. ஆறடி என்பது ஓர் அங்குலம். ஆகவே ஆறடி உயர மனிதன் இந்த உலகில் ஓர் அங்குல உயரம் கொண்டவன். விமானத்தை அளக்கும் கோல் இங்கே மனித உடம்போடு பொருந்திவருகிறது.

1936இல் இன்டர்நேஷனல் மாடல் ஏர்கிராஃப்ட் நிறுவனம், ‘ஃப்ராக்’ என்ற தன் வணிகப்பெயரின் கீழ் ‘பெங்குவின்’ வரிசையைக் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தின் ஏனைய மாதிரிகள் பறந்தன, இவை பறக்கவில்லை. எனவே பறக்காத பறவையின் பெயர். முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆன முதல் விமானத் தொகுப்புகள் இவையே. செல்லுலோஸ் அசிட்டேட் காலப்போக்கில் சுருங்கி வளையும் இயல்புடையது. இன்று எஞ்சியிருக்கும் பல பெங்குவின்களின் இறக்கைகள், கோடையில் வாடிய இலைபோல் தொய்ந்து கிடக்கின்றன.

போருக்குப்பின் இந்த உலகத்தை மாற்றிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் கதை சீப்பில் தொடங்குகிறது. அதை 1939இல் நிறுவிய நிக்கோலஸ் கோவ், ஹங்கேரியில் பிறந்த யூதர்; ஐரோப்பாவில் பல நாடுகளில் வாழ்ந்து இறுதியில் பிரிட்டனில் தஞ்சமடைந்தவர். காற்றடைத்த ரப்பர் பொம்மைகள் செய்தார். 1940களின் பிற்பகுதியில், உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்க்கும் இயந்திரத்தை வாங்கிச் சீப்புகளை வார்த்தார். 1949இல் ஃபெர்குசன் டிராக்டர் விற்பனையாளர்களுக்காக ஒரு சிறு டிராக்டர் செய்யும் வேலை வந்தது. அதைப் பொருத்தி முடித்து விற்பதைவிட, பாகங்களாகவே விற்பது மலிவு என்பது தெரிந்தது. பொருத்தும் உழைப்பு தொழிற்சாலையிலிருந்து வாங்குபவரின் மேசைக்கு நகர்ந்தது. தொழிலாளர் வரலாற்றில் ஆர்வமுள்ளோர் கவனிக்க வேண்டிய நகர்வு இது: ஒரு காலத்தில் கூலி கொடுத்து வாங்கப்பட்ட வேலை, இப்போது காசு கொடுத்து வாங்கப்படும் இன்பமாயிற்று.

1952இல் ‘கோல்டன் ஹைண்ட்’ என்ற பாய்மரக் கப்பல் வந்தது. வுல்வொர்த் கடைகள் கேட்ட இரண்டு ஷில்லிங் விலைக்குள் அடக்குவதற்காக அட்டைப்பெட்டி கைவிடப்பட்டது. பாகங்கள் பாலித்தீன் பையில் இடப்பட்டு, மேலே ஒரு தாள் தலைப்பு மட்டும் பின்னப்பட்டது. 1950களின் முதற்பாதியிலேயே எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவிலான ஸ்பிட்ஃபயரும் வந்துசேர்ந்தது. சேகரிப்பாளர்கள் அதன் பக்கவாட்டில் இருந்த எழுத்துகளைக் கொண்டு அதை இன்றும் ‘பிடிகே’ என்றே குறிப்பிடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன்வரை நகரங்களின்மேல் பறந்துகொண்டிருந்த இயந்திரம், சிறுவரின் கைச்செலவுக் காசில் வாங்கக்கூடிய பொருளாயிற்று. ஐரோப்பாவின் யூதர்களை அழிக்க முயன்ற அரசை எதிர்த்துப் பறந்த விமானத்தை, அந்த ஐரோப்பாவிலிருந்து வெளியேறிய ஒரு யூதரின் சீப்புத் தொழிற்சாலை வார்த்துத் தந்தது. பெட்டிகளின்மேல் அச்சான வீரச்சித்திரங்கள் சொல்லாத வரலாறு இது.

சுருங்க மறுப்பவை

புல்நுனிப் பனித்துளிக்குள் நெடிய பனைமரம் முழுதாகத் தெரியும் என்பது தமிழ்ப் புலமை மரபு நன்கறிந்த உவமை. பிளாஸ்டிக் மாதிரி அத்தகைய பனித்துளி இல்லை. பனித்துளி எதிரில் இருப்பதையெல்லாம் தானே காட்டும். மாதிரியில் எது காட்டப்பட வேண்டும் என்பதை யாரோ ஒருவர் முடிவுசெய்கிறார்.

ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர், மாதிரியில் 156 மில்லிமீட்டர். இது சரியாகச் சுருங்குகிறது. விமானியறையின் கண்ணாடி மூடியை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் அதை வார்த்தால், உண்மை அளவில் அது 72 மில்லிமீட்டர் தடித்த கண்ணாடியாகிவிடும். எடையோ இன்னும் வேடிக்கையானது. நீளம் 72 மடங்கு சுருங்கினால் கன அளவு 3,73,248 மடங்கு சுருங்கும். ஏறத்தாழ 2.5 டன் எடையுள்ள விமானம் அக்கணக்கில் ஏழு கிராமைக்கூட எட்டாது. ஒரே விகிதம் என்று நாம் சொல்வது நீளத்துக்கு மட்டுமே உரியது.

ரிவெட்டுகளின் கதை இதைவிடச் சுவையானது. ஸ்பிட்ஃபயரின் மேற்பரப்பில் ரிவெட் தலைகள் புடைக்காமல் தகட்டோடு தகடாக அமைக்கப்பட்டிருந்தன. இது செலவு மிக்க முறை. எந்தெந்த இடங்களில் மலிவான உருண்டைத்தலை ரிவெட்டுகளைப் பயன்படுத்தலாம் என்று அறிய, பொறியாளர்கள் உடைத்த பட்டாணிப் பருப்புகளை ஒவ்வொரு ரிவெட்டின்மேலும் ஒட்டிப் பறக்கவிட்டனர். வேகம் மணிக்கு 22 மைல் குறைந்தது. பிறகு பருப்புகளை வரிசை வரிசையாக நீக்கி, எந்த வரிசை எவ்வளவு வேகத்தைத் தின்கிறது என்று கண்டறிந்தனர். அந்த அளவுக்கு வழவழப்பாக இருந்த விமானத்தை, பழைய மாதிரித் தொகுப்புகள் பல, புடைத்த ரிவெட் புள்ளிகள் நிறைந்ததாகக் காட்டின. உண்மையில் இல்லாத ஒன்று, ‘உண்மைபோல்’ தோன்றுவதற்காகச் சேர்க்கப்பட்டது. மாதிரி செய்பவர் இன்று நுண்மணல்தாளால் அவற்றைத் தேய்த்து நீக்குகிறார். ஒரு வகையில் அவர் செய்வது மூலபாட ஆய்வு: இடைச்செருகலைக் களைதல்.

கட்டும் ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. முதலில் செய்யப்படுவது விமானியறை. இருக்கை, கட்டுப்பாட்டுத் தண்டு, கருவிப்பலகை ஆகியவற்றுக்கு உட்புறப் பச்சை பூசி முடித்தபின்பே உடற்பகுதியின் இரு பாதிகளும் சேர்த்து ஒட்டப்படும். ஒட்டிய பிறகு அந்த நுண்வேலையில் பெரும்பகுதி கண்ணுக்கு மறைந்துவிடும். பிறகு இறக்கைகள், அவை மேல்நோக்கிச் சாயும் கோணம் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். இணைப்புக் கோட்டை மக்கு இட்டு நிரப்பித் தேய்க்க வேண்டும். அதன்பின் அடிப்பூச்சு, மண்பழுப்பும் கரும்பச்சையும் கலந்த மறைநிறம், வெந்நீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டும் சின்னங்கள், கடைசியாக மங்கல் மெருகு.

மேசைமேல் நடக்கும் இவ்வேலைக்கும் உண்மை விமானம் உருவான விதத்துக்கும் ஒற்றுமை உண்டு. 1940 செப்டம்பரில் சவுதாம்ப்டன் அருகே உல்ஸ்டனில் இருந்த சூப்பர்மரீன் ஆலை குண்டுவீச்சில் சிதைந்தது. உற்பத்தி சுற்றுவட்டாரத்தின் வண்டிக்கொட்டகைகளுக்கும் சலவையகங்களுக்கும் பேருந்துப் பணிமனைகளுக்கும் பிரித்தனுப்பப்பட்டது. இறக்கை ஓரிடம், உடல் ஓரிடம் எனச் செய்து, ஓரிடத்தில் கொண்டுவந்து பொருத்தினர். செய்தவர்களில் பெண்கள் பெருந்தொகையினர். 20,000க்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் இவ்வாறெல்லாம் கட்டப்பட்டன. மாதிரிப் பெட்டிக்குள் ஒரு விமானி உருவம் இருக்கும். விமானத்தைக் கட்டியவர்களுக்கு உருவம் இருப்பதில்லை.

சிவப்பை அழித்தல்

வடிவத்தால் அறிய முடியாதபோது குறி உதவிக்கு வருகிறது. பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நீலம், வெள்ளை வளையங்களுக்கு நடுவே சிவப்பு இருந்தது. ஐரோப்பாவில் இது தொல்லை தரவில்லை. ஆசியாவில் பகைவனின் சின்னமே ஒரு சிவப்பு வட்டம். விரைந்து திரும்பும் விமானத்தில் கண் முதலில் பற்றுவது சிவப்பைத்தான். அமெரிக்கர்கள் 1942 மே மாதத்தில் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியை நீக்கினர். இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களிலும் சிவப்பு கைவிடப்பட்டது. கருநீல வளையத்துக்குள் வெளிர்நீலமோ வெண்மையோ கொண்ட சிறு வட்டம் அதன் இடத்துக்கு வந்தது. பின்னர் இறக்கையிலும் வாலிலும் அடையாளப் பட்டைகளும் சேர்ந்தன.

பேரரசு தன் சின்னத்திலிருந்து ஒரு நிறத்தை விட்டுக்கொடுத்த இடம் இந்தப் போர்முனை. ஒரு குறியின் பொருள் அதற்குள் இல்லை, அருகிலுள்ள மற்றொரு குறியிலிருந்து அது வேறுபடுவதில் இருக்கிறது என்று சசூர் விளக்கிய கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8இல் தோன்றியது. போர் தொடங்கியபோது அதனிடம் ஒரே ஒரு படைப்பிரிவு இருந்தது. 1944இல் இம்பால் முற்றுகையின்போது அர்ஜன் சிங் தலைமையில் 1ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன்கள் பறந்தன. அதே ஆண்டில் 8ஆம் படைப்பிரிவு ஸ்பிட்ஃபயர்களைப் பெற்று அரக்கான் முனைக்குச் சென்றது. 1946இல் 4ஆம் படைப்பிரிவு தன் ஸ்பிட்ஃபயர்களோடு ஜப்பானுக்கே சென்றது. தோற்ற நாட்டில் நிலைகொண்ட படைகளில் இந்தியரும் இருந்தனர். 1947 பிரிவினையின்போது படைப்பிரிவுகளும் விமானங்களும் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டன. அந்த ஆண்டின் இறுதிக்குள் இந்திய ஸ்பிட்ஃபயர்கள் காஷ்மீர்ப் போரில் ஈடுபட்டிருந்தன. சின்னத்தில் சிலகாலம் அசோகச் சக்கரம் இடம்பெற்றது. பின்னர் காவியும் வெண்மையும் பச்சையும் வளையங்களாயின. இந்த வரலாறு முழுவதையும் மாதிரி செய்பவர் ஒருவர் ஒரே பிளாஸ்டிக் வடிவத்தின்மேல், சின்னங்களை மட்டும் மாற்றிக் காட்டிவிடலாம்.

வடிவம் ஒன்றாகி, குறி மட்டுமே பிரிக்கும் நிலை எவ்வளவு ஆபத்தானது என்பதை மேற்காசியா காட்டியது. 1948 மே 22இல் எகிப்தின் ஸ்பிட்ஃபயர்கள் ராமத் டேவிட் தளத்தைத் தாக்கின. தளம் இஸ்ரேலிடம் போய்விட்டது என்பது அவர்கள் எண்ணம். அங்கே இருந்தவை பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர்கள். 1949 ஜனவரி 7இல் இஸ்ரேலிய ஸ்பிட்ஃபயர்கள் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர்களைச் சுட்டு வீழ்த்தின. மூன்று நாடுகளின் விமானிகள் ஒரே விமானத்தில் அமர்ந்து ஒருவரையொருவர் வேட்டையாடினர்.

பெயர் உண்டு, முகம் இல்லை

போருக்குத் திரட்டப்பட்ட நன்கொடைகளில் ஒரு ஸ்பிட்ஃபயருக்குக் குறிக்கப்பட்ட விலை 5,000 பவுண்டு. உண்மைச் செலவு அதைவிட அதிகம்; கொடுப்போர் மனத்தில் நிற்கும்படி ஒரு முழு எண் வைக்கப்பட்டது. காலனி நாடுகளிலிருந்தும் சமஸ்தானங்களிலிருந்தும் நிதி சென்றது. கைம்மாறாகப் பெயர் கிடைத்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 234, 264ஆம் படைப்பிரிவுகள் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கின. 129ஆம் படைப்பிரிவு ‘மைசூர்’. அதன் முத்திரையில் மைசூர் அரசின் கண்டபேருண்டப் பறவை இருந்தது. 152ஆம் படைப்பிரிவு ‘ஹைதராபாத்’. அதன் முத்திரையில் நிஜாமின் தலைப்பாகை இருந்தது. பணம் இங்கிருந்து சென்றது. பெயர் அங்கே எழுதப்பட்டது. அந்தப் பெயரைச் சுமந்த விமானங்களை ஓட்டியவர்களில் சென்னை மாகாணத்தாரையோ மைசூராரையோ தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

மறுபுறம், முகம் இருந்தும் பெயர் பரவாதவர்கள் உண்டு. 1940இல் இந்தியாவிலிருந்து 24 விமானிகள் பிரிட்டனுக்குச் சென்றனர். அவர்களில் ஒருவரான மகிந்தர் சிங் புஜ்ஜி, ஹரிக்கேனும் ஸ்பிட்ஃபயரும் ஓட்டியவர்; தலைப்பாகையுடனேயே பறந்தவர். 2010இல் அவர் மறைந்தார். 2014இல் இங்கிலாந்தின் கிரேவ்செண்டில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. நிஜாமின் தலைப்பாகை முத்திரையில் இடம்பெற்றது. புஜ்ஜியின் தலைப்பாகையோ எந்தத் தொகுப்பிலும் வழக்கமாக வருவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் ஓரங்குல விமானி தோல் தலைக்கவசம் அணிந்தவர். அவருடைய முகம் மூன்று மில்லிமீட்டர். அதில் எந்த நிறத்தைப் பூசுவது என்பதைச் செய்முறைத்தாள் ‘தோல்நிறம்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். யாருடைய தோல் என்று அது கேட்பதில்லை.

மாதிரிகளில் எதை விடுவது என்பதும் அரசியலே. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தண்டனைச் சட்டம் தடுக்கிறது. எனவே அங்கு விற்கப்படும் தொகுப்புகளின் பெட்டிச் சித்திரங்களில் விமானத்தின் வால் வெறுமையாக இருக்கும். ஸ்வஸ்திகம் இல்லாமலோ, இரண்டு துண்டுகளாக வெட்டியோ சின்னத்தாள் அச்சிடப்படும். கோயில் வாசலிலும் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலும் அதே வடிவத்தைக் காணும் இந்திய மாணவருக்கு, ஒரு குறி இடம் மாறும்போது பொருள் எவ்வளவு மாறுகிறது என்பதை விளக்கத் தேவையில்லை. 1970களில் ஃப்ராக் நிறுவனம் முடங்கியபோது அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குச் சென்று ‘நோவோ’ என்ற பெயரில் மறுவார்ப்பாயிற்று. ஜெர்மானிய, ஜப்பானிய விமானங்களின் அச்சுகளைச் சோவியத் தரப்பு ஏற்கவில்லை. அவை மேற்கு ஜெர்மனியின் ரெவெல் நிறுவனத்துக்குப் போயின. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் போரில் இழந்த ஒரு நாட்டுக்கு, பகைவனின் விமானத்தைப் பொம்மையாகவும் செய்து விற்க மனமில்லை.

பொழுதுபோக்கை ஐயத்தோடு நோக்குவோர், போரை மேசை அலங்காரமாக்கும் வழக்கம் இது என்பர். அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. தீயும் எரிபொருள் நாற்றமும் அச்சமும் எந்த விகிதத்திலும் வார்க்கப்படுவதில்லை. ஆனால் கவனமாகச் செய்யப்படும் மாதிரி வேறொரு வேலையையும் செய்கிறது. ‘ஸ்பிட்ஃபயர்’ என்ற பொதுப்பெயரை அது ஏற்பதில்லை. எந்த வகை, எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு, எந்தத் தளம், அன்று சின்னத்தில் சிவப்பு இருந்ததா என்று கேட்கிறது. விடை தெரியாமல் வண்ணம் பூச முடியாது. ஆவணக் காப்பகத்தில் நடக்க வேண்டிய விசாரணையை அது மேசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் வரலாற்று வகுப்புகளில் இரண்டாம் உலகப்போர் பெரும்பாலும் தீர்மானங்களாகவும் மாநாடுகளாகவும் மட்டும் கற்பிக்கப்படுகிறது. டெல்லி பாலத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும் நிற்கின்றன. மாணவர்களை அவற்றின் முன் நிறுத்தி, இந்த விமானத்தில் எந்தச் சின்னம், எப்போது, ஏன் என்ற ஒரே கேள்வியைக் கேட்கலாம். கடையில் கிடைக்கும் பெட்டியில் இரண்டு அல்லது மூன்று விமானங்களுக்கான சின்னங்களே இருக்கும். அவற்றில் அரக்கானில் பறந்த 8ஆம் படைப்பிரிவின் விமானம் இருப்பது அரிது. அதைச் செய்ய விரும்பும் மாணவர் முதலில் பழைய ஒளிப்படங்களையும் படைப்பிரிவு நாட்குறிப்புகளையும் தேடிப் படிக்க வேண்டும். பிறகு நீலத்தை அவரே கலந்து, வட்டத்தை அவரே வரைய வேண்டும்.